கொள்ளிடத்து மணல் திட்டில் வெள்ளையாய்ப் பூக்கும் புல் எது, அது ஏன் அங்கே நிற்கிறது

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். முக்கொம்புக்குக் கிழக்கே கொள்ளிடத்தின் மணல் திட்டுகளில் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, புரட்டாசி ஐப்பசியில் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும் புல்லைப் பார்த்திருக்கிறீர்கள். ஊரில் ஒருவர் அதை நாணல் என்கிறார், ஒருவர் தர்ப்பை என்கிறார், கரும்பு போடுகிறவர் பேய்க்கரும்பு என்கிறார். எது சரி என்று தெரிய வேண்டும். கூடவே, உங்கள் வாழைத் தோட்டத்தை ஒட்டிய ஓடைக்கரை மழைக்கு மழை அரித்துக்கொண்டு போகிறது, இந்தப் புல்லைப் பெயர்த்து வந்து நட்டால் கரை நிற்குமா என்றும் கேட்கிறீர்கள்.

கரும்புக்காரர் சொன்னதுதான் சரியான பக்கம். நீங்கள் விவரித்த உயரம், பூக்கும் காலம், நிற்கும் மண் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது சாக்கரம் ஸ்பான்டேனியம். கரும்பு சேர்ந்திருக்கும் அதே பேரினத்தின் காட்டுப்புல். லின்னேயஸ் 1771இல் இந்தப் பெயரை வைத்தார். இந்தியில் காஸ், வங்காளத்தில் காஷ், தெலுங்கில் ரெல்லு கட்டி என்பதெல்லாம் இதுதான். தோட்டத்து ஓரத்தில் நடலாமா என்பதற்கு என் பதில், வேண்டாம். காரணம், இந்தப் புல் எந்த மாதிரி இடத்துக்காக உருவானது என்பதில் இருக்கிறது. அதனால் அடையாளத்தை முதலில் உறுதிசெய்துகொள்வோம்.

ஊர்ப்பெயரை வைத்து மட்டும் இதில் முடிவுக்கு வர முடியாது. நம் ஆற்றோரங்களில் உயரமாக வளர்ந்து வெண்மையாகப் பூக்கும் எதையும் நாணல் என்று சொல்வது வழக்கம். அதற்குள் குறைந்தது மூன்று வேறு வேறு இனங்கள் அடங்கும். பூவின் வெண்மையும் உதவாது, ஏனென்றால் தூரத்தில் பார்க்கும்போது எல்லாமே வெள்ளையாகத்தான் தெரியும். கீழிருந்து மேலே போங்கள்.

ஓரமாக நிற்கும் ஒரு தூரைத் தேர்ந்தெடுத்து அடிமணலை விலக்கிப் பாருங்கள். தட்டைகள் நெருக்கமாகக் கிளம்பியிருக்கும். அவற்றின் அடியிலிருந்து செதில் போர்த்திய மட்டநிலத்தண்டு பக்கவாட்டில் மணலுக்குள் ஓடும். அதில் கணுவுக்குக் கணு வேரும் முளையும் இருக்கும். இது பல்லாண்டுப் புல் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஒரு பருவத்தோடு முடிந்துபோகும் புல்லாக இருந்தால் சல்லிவேரோடு மொத்தமாகக் கையில் வந்துவிடும். இதை இழுத்தால் தட்டைதான் ஒடியும், தூர் அசையாது.

அடுத்து தட்டை. பெரும்பாலும் சுண்டுவிரல் பருமன், சில இடங்களில் அதைவிடவும் மெல்லியது. கணுவுக்குக் கீழே வெண்மையான மெழுகுப் பூச்சு ஒரு வளையமாகப் படிந்திருக்கும், நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். குறுக்கே வெட்டினால் உள்ளே வெள்ளைச் சோறு இருக்கும், முற்றிய தட்டையில் நடுவில் சின்னத் துளையும் விழுந்திருக்கலாம். கடித்துப் பார்த்தால் லேசான இனிப்பு தட்டும், ஆனால் சாறு சொற்பம், நார் அதிகம். பட்டினத்தார் கையில் பேய்க்கரும்போடு ஊர் ஊராக நடந்து, திருவொற்றியூரில் அது இனித்ததும் அங்கேயே தங்கிவிட்டார் என்று சொல்வார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் கசப்பை எதிர்பார்த்துக் கடித்தால் ஏமாந்துபோவார்கள்.

இலைக்கு வருவோம், உண்மையான தடயம் இங்கேதான் இருக்கிறது. நல்ல வளர்ச்சியுள்ள தூரில் இலை 1 மீட்டரைத் தாண்டும், ஆனால் அகலம் பொதுவாக 1 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். நிறம் சாம்பல் பூத்த பச்சை. நடுநரம்பு வெள்ளையாகத் தடித்துத் தெரியும். ஓரம் வாள்போக்கில் அறுக்கும், முழுக்கைச் சட்டை இல்லாமல் உள்ளே போகாதீர்கள். இப்போது ஓர் இலையை நுனியிலிருந்து அடிவரை விரல்களுக்கிடையில் வைத்து உருவிக்கொண்டே வாருங்கள். அடிப்பக்கம் நெருங்க நெருங்க இருபுறப் பச்சையும் ஒடுங்கி, கடைசியில் ஏறக்குறைய நடுநரம்பு மட்டுமே மிஞ்சும். கொறுக்கை என்ற இன்னோர் ஆற்றோரப் புல்லில் இப்படி நடக்காது, இலையின் அடி அகலமாகவே வந்து உறையில் உட்காரும். வெளிச்சம் மங்கிய நேரத்திலும் விரலாலேயே பிரித்தறியக்கூடிய வேறுபாடு இது. நான் முதலில் நம்புவதும் இதைத்தான்.

அந்த இலை உறையோடு சேரும் மூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, உறையைத் தட்டையிலிருந்து மெதுவாகப் பிரித்து உள்பக்கம் பாருங்கள். மூட்டில் தட்டையை ஒட்டி ஒரு பழுப்புச் சவ்வு எழுந்து நிற்கும். அதை இலைநாக்கு என்பார்கள். சில மில்லிமீட்டர் உயரம், மழுங்கிய முக்கோண வடிவம், விளிம்பில் நுண்மயிர். அந்த மூட்டைச் சுற்றி நீளமான மென்மயிர்களும் கொத்தாக இருக்கும். கொறுக்கையைப் பிரித்தால் அந்த இடத்தில் எழுந்து நிற்கும் சவ்வு இருக்காது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு குட்டை விளிம்பும் அதன்மேல் மயிர் வரிசையும்தான் இருக்கும். புல் ஆய்வாளர்கள் பூவே இல்லாத காலத்திலும் இனத்தைச் சொல்லிவிடுவதற்கு இந்த மூட்டுதான் காரணம்.

பூக்கதிர் கடைசியாக. கதிர் தொடங்கும் இடத்துக்குக் கீழே, காம்பைத் தடவிப் பாருங்கள். பட்டு மயிர் அடர்ந்து கைக்கு மெத்தென்று படும். கரும்பு பூக்கும்போது அதன் காம்பு வழுவழுவென்று இருக்கும். கைவிடப்பட்ட கரும்புத் தோட்டத்திலிருந்து தப்பி ஆற்றோரம் வளர்ந்த கரும்போ என்று சந்தேகம் வந்தால் இந்த ஒரு சோதனை நிறைய உதவும்.

முற்றிய கதிரிலிருந்து ஒரு கிளையை உருவி உள்ளங்கையில் வைத்துத் தேயுங்கள். துண்டு துண்டாக உதிரும். ஒரு துண்டைக் கைலென்ஸில் பார்த்தால், 3, 4 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சிறுகதிர், அதாவது பூவைப் பொதிந்த சின்ன உறுப்பு, இருக்கும். அதோடு ஒட்டியபடி இரண்டு மெல்லிய குச்சிகள் இருக்கும். ஒன்று கதிர்க்கிளையின் ஒடிந்த கணுவிடைத் துண்டு, மற்றது பக்கத்தில் காம்போடு நின்ற ஜோடிச் சிறுகதிரின் காம்பு. இந்தப் புல்லில் சிறுகதிர்கள் எப்போதும் ஜோடியாகத்தான் இருக்கும். ஒன்று காம்பில்லாமல் உட்கார்ந்திருக்கும், ஒன்று காம்பில் நிற்கும், இரண்டும் உருவத்தில் ஒன்றே. காம்பில் நின்றது தனியாக உதிர்ந்து கையில் வேறெங்கோ கிடக்கும். இப்போது மயிர் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். சிறுகதிரின் அடியிலிருந்து, அதன் நீளத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீளத்துக்குக் கிளம்பியிருக்கும். சிறுகதிரின் முதுகில் மயிர் இருக்காது, நுனியில் ஊசியும் நீட்டியிருக்காது. இவ்வளவும் ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம், அது சாக்கரம் ஸ்பான்டேனியம்தான்.

குழப்பக்கூடிய மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். கொறுக்கை என்று பல ஊர்களில் சொல்வது ஃப்ராக்மைட்டிஸ் கர்கா. அதன் பூக்கதிர் பெரிது, பழுப்போ ஊதாவோ கலந்து தெரியும். ஒவ்வொரு சிறுகதிரிலும் பல பூக்கள் அடுக்கடுக்காக இருக்கும். மயிர் சிறுகதிருக்கு வெளியே அடியிலிருந்து வராமல், உள்ளே பூக்களைத் தாங்கும் நடுத்தண்டிலிருந்து வரும். அதனால் மொட்டாக இருக்கும்போது பட்டு கண்ணுக்குத் தெரியாது, முற்றிய பிறகுதான் வெளியே எட்டிப்பார்க்கும். இன்னும் தடித்து, மூங்கில் அளவுக்கு உள்ளே கூடாக, இலையடி காது மடித்துத் தட்டையைத் தழுவி நின்றால் அது அருண்டோ டோனாக்ஸ். அதையும் கொறுக்கை என்று சொல்கிற ஊர்கள் உண்டு.

தர்ப்பை என்று சொன்னவர் இம்பெரேட்டா சிலிண்ட்ரிகாவை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். அதுவும் வெண்பட்டாகப் பூக்கும், மட்டநிலத்தண்டும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் இடுப்பளவைத் தாண்டாது, கதிர் கிளை விரியாமல் அணில் வாலாக ஒரே திரட்சியாக நிற்கும். இலையின் நடுநரம்பு நடுவில் ஓடாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். பூவைப் பிரித்தால் மகரந்தத் தாள்கள் இரண்டுதான், பேய்க்கரும்பில் மூன்று. சடங்குக்கு எடுக்கும் இன்னொரு தர்ப்பையான டெஸ்மோஸ்டாக்கியா பைபின்னேட்டாவுக்குப் பட்டு மயிரே கிடையாது, அதில் குழப்பம் வராது. சம்பு புல் இனமே அல்ல. பழுப்பு உருளையாக நிற்கும் அதன் கதிரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கொஞ்சம் கவனம் தேவைப்படுவது எரியாந்தஸ் என்று கரும்பு ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் பெரிய புல். இப்போது டிரிபிடியம் என்ற பேரினத்தில் வைக்கிறார்கள். அது பேய்க்கரும்பைவிட மிகப் பெரிய தூர் கட்டும், இலை 3, 4 சென்டிமீட்டர் அகலம் வரும், கதிரும் பிரம்மாண்டமாக இருக்கும். அதில் சிறுகதிரின் முதுகிலேயே மயிர் இருக்கும், அடிமயிர் குட்டையாக இருக்கும். ஒற்றைத் தூராக, ஓடும் தண்டில்லாமல் நின்றால் இதை நினைவில் வையுங்கள்.

இனி இடம். அடையாளத்தில் பாதி இடத்திலேயே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கொள்ளிடத்தின் ஓரத்திலிருந்து கரைமேட்டுக்கு நேர்க்கோட்டில் நடந்து பாருங்கள். தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் சம்பும் கொறுக்கையும் நிற்கும். ஈரம் கசியும் ஓரத்தில் கோரைகள். அதைத் தாண்டி, மேலே காய்ந்தும் கையளவு தோண்டினால் ஈரமாகவும் இருக்கும் மணலில் பேய்க்கரும்பு. கரைமேட்டின் கெட்டியான மண்ணில் அறுகும் தர்ப்பையும். எல்லா இடத்திலும் கோடு போட்டாற்போல் பிரிந்திருக்காதுதான், ஆனால் இந்த வரிசை பெரும்பாலும் மாறாது. காரணம், பேய்க்கரும்புக்கு வேருக்குத் தண்ணீர் வேண்டும், கழுத்தளவு தேங்கிய தண்ணீர் ஆகாது. வெள்ளம் வந்து சில நாள் மூழ்கடித்துவிட்டுப் போனால் தாங்கும். வருடம் முழுவதும் நீரில் நிற்கச் சொன்னால் கொறுக்கையிடம் தோற்றுவிடும்.

மணல் நகரும் இடம்தான் இதற்குப் பிடித்த இடம். காவிரியில் வரும் மிகை வெள்ளத்தை முக்கொம்பு மேலணையிலிருந்து கொள்ளிடத்தில்தான் திருப்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு பெருவெள்ளமும் ஒரு திட்டைக் கரைத்து இன்னொரு திட்டை எழுப்பிவிட்டுப் போகும். புதிதாகப் படிந்த அந்த வெறும் மணலில் சத்தும் இல்லை, நிழலும் இல்லை, மேல்பரப்பு பகலில் கால் வைக்க முடியாத சூடு. பட்டு மயிரோடு காற்றில் வந்து விழும் இதன் விதை மிகச் சிறியது, நெடுநாள் உயிரோடும் இருக்காது. ஈரம் இருக்கும்போதே முளைத்தால்தான் உண்டு. வெள்ளம் வடிந்த கையோடு இந்தப் புல் பூப்பதில் அதற்கு லாபம் இருக்கிறது, அந்த நேரத்தில்தான் ஈரமான புது மணல் எங்கும் திறந்து கிடக்கிறது. வெள்ளம் அறுத்துக்கொண்டு வந்த மட்டநிலத்தண்டுத் துண்டு ஒன்று ஒதுங்கினாலும் போதும், அதிலிருந்தே ஒரு தூர் கிளம்பும்.

ஒரு முறை வேர் பிடித்துவிட்டால் மேலே மணல் மூடினாலும் கவலையில்லை, புதைந்த கணுக்களிலிருந்து புது வேர் விட்டு மேலே ஏறிவிடும். தட்டைகள் நீரோட்டத்தின் வேகத்தைக் குறைக்க, வண்டல் அங்கேயே படிகிறது. திட்டு கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிறது, மண்ணில் சத்து சேர்கிறது. அதன் பிறகு மரக்கன்றுகள் காலூன்றும். காவிரிக் கரைகளில் நீர்மருதும் நாட்டுக் கருவேலும் இப்படி வந்தவைதான், இப்போது பல இடங்களில் சீமைக்கருவேல் முந்திக்கொள்கிறது. மரம் நிழல் கட்டியதும் பேய்க்கரும்பு பின்வாங்கிவிடும். வெயிலை அவ்வளவு நம்பி வாழும் புல் இது. தான் சீர்செய்த நிலத்தைப் பின்னால் வருபவற்றிடம் விட்டுக்கொடுத்துவிட்டு அடுத்த புதுமணலுக்குப் போய்விடும். மணல் அள்ளும் இடங்களில் முதல் நாளே இயந்திரத்தால் வழித்தெறியப்படுவது இந்தப் புல்தான். அது போன பிறகு அடுத்த வெள்ளத்தில் அந்தத் திட்டையும் எதிர்க்கரையையும் தாங்கிப் பிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு.

நிலத்துக்கு நிலம் இதன் உருவம் மாறுவதையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் வேறோர் இடத்தில் பார்த்துவிட்டு வேறு புல் என்று நினைத்துவிடுவீர்கள். வண்டலும் நீரும் நிறைந்த இடத்தில் 4 மீட்டர் வரையிலும் போகும், வடகிழக்கின் ஆற்றுச் சமவெளிகளில் அதற்கு மேலும். காய்ந்த ரயில் பாதையோரத்திலும் தரிசிலும் இடுப்பளவில் மெல்லிய இலையோடு நின்றுவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மேற்காசியா, இந்தியா வழியாகத் தென்கிழக்காசியாவும் நியூகினியும் வரை பரவிய இனம் என்பதால் வேறுபாடுகளும் அவ்வளவு அதிகம். குரோமோசோம் எண்ணிக்கையே 40இலிருந்து 128 வரை மாறுகிறது. ஒரே இனத்துக்குள் இப்படி ஒரு வீச்சு அபூர்வம். நான் மேலே உயரத்தையும் பருமனையும் பின்னுக்குத் தள்ளி, மூட்டையும் சிறுகதிரையும் முன்னால் வைத்ததற்கு இதுதான் காரணம்.

இந்த வீச்சுதான் நம் சர்க்கரையின் வரலாற்றையும் மாற்றியது. 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது, வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்கக்கூடிய நல்ல கரும்பு கிடையாது. அங்கே போட்டவை மெல்லிய நாட்டுக் கரும்புகள். தெற்கின் தடித்த இனிப்புக் கரும்பு அங்கே பிழைக்காது. அந்த நிலையத்தின் ஆய்வாளர்களான பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் வெள்ளை என்ற தடித்த கரும்பை, கோயம்புத்தூர்ப் பக்கம் தானாக வளர்ந்து கிடந்த இதே பேய்க்கரும்போடு கலப்புச் செய்தார்கள். அதில் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918இல் பஞ்சாபுக்குப் போனது. சாகுபடிக்கு வந்த முதல் பேய்க்கரும்புக் கலப்பு அதுதான். கரும்புத் தாயிடம் 80 குரோமோசோம், கோயம்புத்தூர்ப் பேய்க்கரும்பிடம் 64. பாதிப் பாதி சேர்ந்தால் 72 வர வேண்டும். ஆனால் பிள்ளையிடம் 112 இருந்தது. கரும்பு தன் 80ஐயும் முழுதாகக் கொடுத்துவிட, பேய்க்கரும்பு தன் பாதியான 32ஐக் கொடுத்திருந்தது. இனிப்பு பெரிதாகக் குறையாமல் காட்டுப்புல்லின் தாங்கும் திறன் உள்ளே வந்ததற்கு இந்த விசித்திரக் கணக்கு பெரிதும் துணைசெய்தது. 1930களில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் அதே நிலையத்தில் பேய்க்கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் சேர்க்கும் கலப்புகளையும் செய்துபார்த்தார்.

ஜாவாவிலும் இதே கதைதான். அங்கே கரும்பை வாட்டிய செரே நோயைத் தாங்கும் ரகங்களை, பேய்க்கரும்பின் ரத்தம் கலந்த ஒரு காட்டுக் கலப்பிலிருந்து டச்சு ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கினார்கள். இன்று உலகில் ஆலைக்குப் போகும் கரும்பில் ஏறக்குறைய எதை எடுத்தாலும், அதன் குரோமோசோம்களில் 10 முதல் 20 சதவீதம் வரை இந்தப் புல்லிடமிருந்து வந்தது. கண்ணூரில் இருக்கும் கரும்பு மூலவளத் தொகுப்பு உலகின் இரண்டு பெரும் தொகுப்புகளில் ஒன்று. உங்கள் ஊர் கரும்புக்காரர் களை என்று ஒதுக்குவது, அவர் நட்டிருக்கும் கரணையின் பாட்டன் வழி உறவு.

வேறு இடங்களில் இது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்தால் உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை கிடைக்கும். பிரம்மபுத்திராவின் வெள்ளச் சமவெளியான காசிரங்காவிலும், நேபாளத்தின் சித்வனிலும் புதிய வண்டலில் முதலில் பரவுவது இதுவே. ஒற்றைக்கொம்பு காண்டாமிருகம் இதன் இளந்தளிரை விரும்பி மேய்கிறது. கங்கைச் சமவெளியிலும் வங்காளத்திலும் இது பூத்தால் மழைக்காலம் முடிந்து சரத்காலம் பிறந்தது என்று கொள்கிறார்கள், துர்கா பூஜை வந்துவிட்டது என்று பொருள்.

மத்திய இந்தியாவின் புந்தேல்கண்டுக்குப் போனால் பேச்சு மாறிவிடும். அங்கே கரிசல் வயல்களில் புகுந்த காஸ், உழவர்களை நிலத்தை விட்டே துரத்தியது. மாட்டு ஏர் அதன் மட்டநிலத்தண்டின் ஆழத்துக்கு இறங்காது. மேலோட்டமாக உழுதால் தண்டு துண்டுபட்டு, ஒரு தூர் இருந்த இடத்தில் பத்துத் தூர் கிளம்பும். சுதந்திரம் வந்த கையோடு மத்திய அரசு இதற்கென்றே டிராக்டர் அமைப்பு ஒன்றை நடத்தியது. 1949இல் உலக வங்கி இந்தியாவுக்குக் கொடுத்த 1 கோடி டாலர் கடன், இந்தக் காஸ் பிடித்த நிலங்களை மீட்க டிராக்டர் வாங்குவதற்குத்தான். கோடையில் ஆழமாகப் புரட்டி, மட்டநிலத்தண்டை வெயிலில் காயவிட்டார்கள். பனாமாக் கால்வாயின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இது அயல்புல்லாகப் பரவி, அழிந்த காடு திரும்ப முளைக்கவிடாமல் மறிக்கிறது. அமெரிக்கா இதைத் தீங்கான களைகளின் மத்தியப் பட்டியலில் வைத்திருக்கிறது. தீ வைத்தால் போகாது, மேலே கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் தண்டு முதல் மழைக்குப் பசுமையாகக் கிளம்பிவிடும்.

ஆகவே ஆற்றின் திட்டில் நிற்பதை அங்கேயே விட்டுவிடுங்கள், தோட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். வெள்ளம் அடிக்கடி வந்து கலைத்துவிட்டுப் போகும் இடத்தில்தான் இதன் ஓட்டம் ஒரு கட்டுக்குள் இருக்கிறது. உரமும் தண்ணீரும் பாயும் வாழைத் தோட்டத்தின் வரப்பில் வைத்தால், ஒன்றிரண்டு பருவத்தில் மட்டநிலத்தண்டு வாய்க்காலைத் தாண்டி வாழையடிக்கு வந்துவிடும். வாழை அடர்ந்து நிழல் கட்டிய இடத்தில் தள்ளாடும்தான், ஆனால் தார் வெட்டித் தோட்டம் திறக்கும்போது வெயில் கிடைத்ததும் எழுந்துவிடும். கரை நிற்கும், தோட்டம் நிற்காது.

உங்கள் ஓடைக்கரைக்கு வெட்டிவேர்தான் பொருத்தம். அதுவும் பல்லாண்டுப் புல்தான், வேர் 2, 3 மீட்டர் நேர்கீழாக இறங்கும். ஆனால் பக்கவாட்டில் ஓடும் தண்டு கிடையாது. தென்னிந்தியாவில் நடவுக்குப் புழங்கும் வகைகள் முளைக்கும் விதையை அரிதாகவே வைக்கும். வைத்த இடத்தில் தூர் பருத்துக்கொண்டே நிற்கும், அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, ஆவணியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு நட்டால், மழை வலுக்கும்போது வேர் பிடித்திருக்கும். கரையின் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், தூருக்குத் தூர் ஒரு சாண் இடைவெளியில் நெருக்கி வையுங்கள். இடைவெளி விட்டால் தண்ணீர் அந்தச் சந்தில் பாய்ந்து அங்கேயே அரிக்கும். முதல் ஆண்டு ஆடு மேயாமல் பாருங்கள். பின்னால் வேருக்கு நல்ல விலை கிடைக்கிறதே என்று அந்த வரிசையைத் தோண்டாதீர்கள், வேருக்கென்று நடுவது வேறு, கரைக்கென்று நடுவது வேறு.

தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு மூலையில் பேய்க்கரும்பு புகுந்திருந்தால், பூப்பதற்கு முன் தரையோடு அறுத்து, துளிர்க்கத் துளிர்க்க மறுபடியும் அறுங்கள். சித்திரை வைகாசி வெயிலில் அந்த இடத்தை மட்டும் ஆழமாகக் கொத்தி, மட்டநிலத்தண்டை ஒரு துண்டும் விடாமல் பொறுக்கி வெளியே போட்டுக் காயவிடுங்கள். ரோட்டவேட்டர் மட்டும் வேண்டாம், அது துண்டாக்கித் தோட்டம் முழுக்க நட்டுவிடும். அறுத்த இளம்புல் மாட்டுக்கு ஆகும். முற்றியதை மாடு தொடாது, அது கூரை வேயவும் மூடாக்குப் போடவும்தான் உதவும். மூடாக்குக்கு எடுத்தால் தட்டையில் வேரோ முளைக்கணுவோ ஒட்டியிருக்கவே கூடாது.

இனத்தை எழுத்தில் உறுதிசெய்துகொள்ள விரும்பினால், திருச்சி தூய வளனார் கல்லூரியில் இருக்கும் ராபினாட் ஹெர்பேரியம், அதாவது உலர்தாவரக் காப்பகம், உங்களுக்குப் பக்கம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகத்திலும் பெரிய ஹெர்பேரியம் இருக்கிறது. மாதிரி எடுக்கும்போது பூங்கொத்தை மட்டும் ஒடித்துக்கொண்டு போகாதீர்கள், அதை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மட்டநிலத்தண்டின் ஒரு துண்டோடு தூரின் அடி, மூட்டு சிதையாமல் முழு நீளத்தில் ஓர் இலை, காம்போடு கதிர், மூன்றும் வேண்டும். இலையை ஒடிக்காமல் விசிறி மடிப்பாக மடித்துச் செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே கனம் ஏற்றி அழுத்துங்கள், தாளைத் தினமும் மாற்றுங்கள். கதிர் முழுதாக விரிவதற்குச் சற்று முன்பு எடுத்தால் சிறுகதிர்கள் உதிராமல் ஜோடியாகவே கிடைக்கும். தாளின் ஓரத்தில் தேதியையும் இடத்தையும் எழுதி, மணலா வண்டலா, தண்ணீரிலிருந்து எத்தனை அடி தள்ளி, சுற்றிலும் வேறு என்ன செடிகள் நின்றன என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.